படிக்காமல் எழுத வேண்டிய பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய், உன் அவசரப் புத்தி எனக்குத் தெரியாதா. சர்க்கரையால் அப்பாவின் சிறுநீரகத்தில் பாதிப்பு ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பம் என்றால் நிஜமாகவே ஆரம்பம்தான், டாக்டர் அந்த வார்த்தையை அழுத்தி அழுத்திச் சொன்னார். கால் வீக்கம் இல்லை, வலி இல்லை, மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்காமல் என்னோடு சண்டை போடுகிறார். அதனால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதி கேட்டவுடனே நீ 'டிக்கெட் போடறேம்மா' என்பாய், அவர் பக்கத்து அறையிலிருந்து 'ஒண்ணுமில்லடா' என்று கத்துவார், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பேச விட மாட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. அதோடு உனக்கும் சர்க்கரை என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதனால் இதில் பாதி உனக்காகவே எழுதுவது. பொறுமையாகப் படி.

உன் அப்பா பரீட்சைக்குத் தயாராகிற அழகு உனக்குத் தெரியும். முன்னறையில் வெள்ளைப் பலகையை மாட்டிக்கொண்டு இத்தனை வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர், தன் ரத்தத்தையும் ஒரு மாணவன் மாதிரிதான் நடத்தினார். சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது இனிப்பு நிற்கும், பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல் தட்டுக்குப் போகும், காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, ராத்திரி வெறும் காய்கறி சூப். ஊசி குத்தி ரத்தம் எடுத்து முடித்த அடுத்த நிமிஷம் லேப் வாசலில் இருக்கிற பேக்கரிக்குள் நுழைவார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்ததும் அதைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்து 'பார்த்தியா, நார்மல்' என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார். இதில் இன்னொரு கூத்து, எந்த டெஸ்ட் எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எப்போதோ கிழிந்து போயிற்று, இவராகவே பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து லேபுக்குப் போய் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்று, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் ஒன்று, அவ்வளவு போதும் என்று சொல்லிவிடுவார். தனக்குத் தெரிந்த கேள்விகளை மட்டும் போட்டுத் தானே வினாத்தாள் தயாரித்து, தானே எழுதி, தானே பாஸ் பண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னால் காதில் ஏறாது. துணிக்கடையில் மாற்றித் தரும் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு கண் வந்துவிட்டது, ஒரு சட்டையை ஒரே ஒரு விருந்துக்குப் போட்டுவிட்டு மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்தாலும் காலரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இவருடைய நார்மலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் போட்ட சட்டை.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனதும் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. அங்கே இருந்தது ஒரு சின்ன வயசுப் பெண், உயரமும் கம்மி, வெளியே வந்ததுமே அப்பா குட்டி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பெண் இவர் நீட்டிய ரிப்போர்ட் கட்டை மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் ஒரு நாள் காலையில என்னன்னு சொல்லுது சார், மூணு மாச சராசரி பார்த்துடலாமா' என்று கேட்டார். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்று ஒரு புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டியது, நீங்கள் இதுவரை பார்த்ததே இல்லையா என்றார். அப்பா என்ன கேட்டார் தெரியுமா? 'இது புது பேப்பரா இருக்கே, இதுக்கு எப்படி தயாராகணும்?' அந்தப் பெண் சிரித்துவிட்டார். ஒன்றும் வேண்டாம், காலையில் எழுந்ததும் முதலில் போகிற சிறுநீரைக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பினார். தயாராகாதே என்று சொன்னால் கேட்கிற ஆளா அவர்? புரதம் கசியக் கூடாது என்றால் உடம்பு கெட்டியாக இருக்க வேண்டும் என்று தானாக ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேறு ரிப்பேர். அதைச் சாக்காக வைத்து நாலைந்து நாள் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கீழ் வீட்டுக்காரர்கள் ஏதாவது திருட்டுப் போயிற்றா என்று கேட்கிற அளவுக்கு ஓட்டம். டப்பா நிரப்ப வேண்டிய காலையிலும் விடிகிறதுக்கு முன்னே படியில் ஓடிவிட்டுத்தான் வந்தார். நிறையத் தண்ணீர் குடித்தால் எதுவாக இருந்தாலும் நீர்த்துப் போகும் என்று ஒரு ஜாடித் தண்ணீரையும் உள்ளே தள்ளினார்.

ரிசல்ட் வந்தது. இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. மூன்று மாதச் சராசரியும் இவருடைய நார்மலை நார் நாராகக் கிழித்துவிட்டது. உன் அப்பா ஃபெயில் ஆகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அவருக்கும் அது முதல் தடவைதான், எப்படி நிற்பது என்றே தெரியாமல் நின்றார். முதலில் லேபில் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றார், பிறகு டப்பா சரியில்லை என்றார். குட்டி டாக்டர் கோபப்படவில்லை. அன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவர் வாயைத் திறக்கிறதுக்குள் நான் சொல்லிவிட்டேன், பத்து நாள் படிப்பு, மாடிப்படி, தண்ணீர் ஜாடி, பேக்கரி எல்லாவற்றையும். மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உடம்பை அப்படிப் போட்டு வருத்தினால் நல்ல சிறுநீரகத்திலேயே அன்றைக்குக் கொஞ்சம் புரதம் கசியுமாம். காய்ச்சல் இருந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அப்படித்தானாம். அதனால் இந்த ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சில வாரம் விட்டு இன்னொன்று, அப்புறம் இன்னும் ஒன்று, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் நோய் என்று சொல்வோம் என்றார். தண்ணீர் குடித்து ஏமாற்றவும் முடியாதாம், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இரண்டுக்கும் விகிதம்தான் பார்க்கிறார்களாம். விகிதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவுக்கு அந்த டெஸ்டின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வரும்போது என்னிடம் மெல்ல, 'யோசிச்சுதான் வச்சிருக்காங்க' என்றார். அந்தப் பெண் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. 'சார், நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருந்துட்டு வாங்க.'

கண்ணா, அதைவிடக் கஷ்டமான ஒன்றை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எப்பவும் எப்படி இருப்போம் என்று அவருக்கே தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு 'இப்ப நான் இதை சாப்பிடுவேனா, சாப்பிட மாட்டேனா?' என்று என்னைக் கேட்டார். சாதாரண நாளில் எத்தனை மணிக்குப் படுப்பேன், எவ்வளவு நடப்பேன், உப்பு எவ்வளவு போட்டுக்கொள்வேன் என்று எல்லாவற்றையும் என்னிடம் விசாரணை. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டாவது டப்பாவில் முதல் தடவையைவிடக் குறைவு, ஆனாலும் கோட்டுக்கு மேலேதான். அதைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து பலகையில் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்து, இதே வேகத்தில் போனால் மூன்றாவதில் சரியாகிவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். முதல் புள்ளி மாடிப்படியில் ஓடிய புள்ளி, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். பலகையை அழித்துவிட்டார். மூன்றாவதும் அதேதான் கண்ணா. இரண்டாவது எங்கே நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயே.

அன்றைக்கு ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் அப்பா தன் ரிப்போர்ட் கட்டுக்குள்ளிருந்து கடைசித் தாளை உருவி, 'கிரியாட்டினின் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கேம்மா' என்று காட்டினார், கெஞ்சுகிற குரல் அது, நான் அவரிடம் அதுவரை கேட்காத குரல். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார், 'சார், அது ரொம்ப லேட்டா ஏறும். சிறுநீரகத்துல பாதி வேலை நின்ன பிறகுதான் பல பேருக்கு அதுல தெரியும். இது முன்னாடியே சொல்ற டெஸ்ட். முன்னாடியே சொன்னதாலதான் நம்ம கையில நேரம் இருக்கு.' எனக்குப் புரிந்தது என் பாஷையில்தான். துணி கிழிகிறதுக்கு ரொம்ப முன்னாலேயே இழை விலக ஆரம்பிக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும், போட்டுக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியாது. அதைச் சொன்னேன், அதேதாம்மா என்றார் அந்தப் பெண். விலகியதை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கலாம், சில பேருக்குக் கசிவு இறங்கவே இறங்கும், ஆனால் பத்து நாள் படிப்பு போதாது, தினமும் அதே ஒழுங்கோடு இருக்க வேண்டும் என்றார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிச் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிற இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். முட்டி வலிக்கு அப்பா கேட்காமல் கொள்ளாமல் வாங்கிப் போடுவாரே அந்த வலி மாத்திரை, அதை இனிமேல் கண்ணாலும் பார்க்கக் கூடாதாம்.

மறுநாள் கடையில் உடை மாற்றிப் பார்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன். சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அழுவது எனக்கே தெரிந்தது, அந்த எரிச்சலிலேயே அழுகை நின்றுவிட்டது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் இதையும் எழுதுகிறேன். அப்பா இரண்டு நாள் டியூஷனை நிறுத்தி வைத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை, வெறுமனே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டையாவது போடுங்களேன் என்று சொன்னேன். இந்த லட்சணத்தில் உன் மாமா வந்து சேர்ந்தான். என் தம்பியை நாம் ரேடியோ என்று கூப்பிடுவது அவன் வாயை மூடாததால்தான், இப்போது அவன் கண்டதையும் போனில் பார்த்துவிட்டு வந்து ஒலிபரப்புகிறான். ஏதோ வேரைப் பொடித்து ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்து, 'மாமா, இதை ஒரு மண்டலம் சாப்பிடுங்க, கிட்னி புதுசாயிடும்' என்றான். அப்பா நிமிர்ந்து பார்த்து, 'இதுல என்னென்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, சொல்லு பார்ப்போம்' என்றார். ரேடியோ நின்றுவிட்டது. பாட்டிலோடு திருப்பி அனுப்பிய பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, மறுநாள் பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பை ஆரம்பித்தார். மாமாவின் மேல் எனக்கு இருந்த கோபமும் அதோடு போயிற்று.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்கே இன்னும் ஆச்சரியமாக இருப்பது. போன மாதம் மாத்திரை வாங்கப் போனபோது ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பேசினார். இந்த ஆல்புமினும் எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லையாம், சில பேருக்கு அது கசியாமலேயே சிறுநீரகம் தேய்கிறதாம். அதற்கும் முன்னால் ரத்தத்திலோ சிறுநீரிலோ வேறு ஏதாவது புரதம் அடையாளம் காட்டுகிறதா என்று தேடுகிறார்கள். அதற்குச் சர்க்கரை இருக்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும், அதை உறைய வைத்து வருஷக் கணக்கில் பாதுகாத்து, யாருக்குச் சிறுநீரகம் கெட்டது, யாருக்குக் கெடவில்லை என்று தெரிந்த பிறகு திரும்பிப் போய்ப் பழைய சாம்பிளில் தேடுவார்களாம். அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, 'ரிசல்ட் எப்ப தருவீங்க?' என்றார். தர மாட்டோம் சார் என்றார் நர்ஸ். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால் உங்களிடம் சொல்லவும் ஒன்றும் இருக்காது, உங்கள் வைத்தியத்துக்கு வழக்கமான டெஸ்ட் தனியாக நடக்கும், இது அதில் சேராது என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன், மதிப்பெண் போடாத பரீட்சைக்கு உன் அப்பா உட்காருவாரா என்ன? அவர் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார். பேருந்தில் நான் கேட்டதற்கு வெளியே பார்த்துக்கொண்டே, 'எனக்குத்தான் மூணாவதுல தெரிஞ்சுதே. அவனுக்கு இன்னும் முன்னாடி தெரியணும்ல' என்றார். அவன் என்றது உன்னைத்தான்.

இப்போது உன் விஷயம். நீ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறாய், எல்லாமே நன்றாக இருக்கிறது, எல்லாமே வெறும் வயிற்றுச் சர்க்கரை. அதற்கு முந்தின வாரம் நீ ஆற்றங்கரையில் ஓடுகிற படமும் வந்துவிடும், மற்ற மாதங்களில் நீ ஓடி நான் பார்த்ததில்லை. மருமகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம், அவள் எதுவும் சொல்லவில்லை, இது கவுண்டர்க்காரியின் கண். நீ அப்பாவிடம் கணக்கு மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்காக உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, வாசல்படியில் செருப்பைக் கழற்றுவதற்குள் எத்தனை மார்க் என்று கேட்கிற வீட்டில்தானே நீ வளர்ந்தாய். சர்க்கரை என்று தெரிந்த வருஷமே பார்த்திருக்க வேண்டியதாம் இந்த ஆல்புமின், உன் வயசைச் சொல்லிக் குட்டி டாக்டரிடம் கேட்டேன், இப்போதே போகச் சொல்லுங்கள் என்றார். மூன்று மாதச் சராசரியும், சிறுநீர் டெஸ்டும், ரத்த அழுத்தமும், வருஷா வருஷம். கூடுதலாக வந்தால் அதிலேயே முடிவு கட்டிக்கொள்ளாதே, திரும்பப் பார்க்கச் சொல். ஒழுங்காக வந்தாலும் அடுத்த வருஷம் போகாமல் இருந்துவிடாதே.

வெளியில் வெயில் தாழ்ந்துவிட்டது, முன்னறையில் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், முடிக்கிறேன். பேத்தி அனுப்பிய யானைப் படம் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது, அதற்கு ஏன் ஐந்து கால் என்று அடுத்த தடவை போனில் அவளையே சொல்லச் சொல். குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், அவள் நெஞ்சுக்குக் கதகதப்பாகப் போட்டுவிடுங்கள். மருமகள் வேலை மாற்றப் போவதாகச் சொன்னாளே, எதுவானாலும் அவள் மனசுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கட்டும். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், இருந்தாலும் அதற்குப் பயப்படாமல், நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காதே, காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர், முந்தின நாள் ஓடாதே, ஜாடித் தண்ணீர் வேண்டாம், எப்படி இருக்கிறாயோ அப்படியே போ. ரிசல்ட்டை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். போய்விட்டு வந்தேன் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், இது அப்பாவும் சேர்ந்து சொல்வது. நேற்று அவரிடம் கேட்டேன், பையனுக்கும் கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, 'என்ன செய்யறது, போய் அவன் பக்கத்துல கொஞ்ச நாள் உட்கார்ந்திருப்பேன்' என்றார்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா